டேபிள் நம்பர் ஜீரோ

ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பத்து மேஜைகளுக்குப் பத்து வரிதான் இருக்க வேண்டும், பதினொன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்ட ஆள் மாதிரி, ‘டேபிள் 0, காபி ஒன்று’ என்று ஒரு வரி. கூடவே ஸ்பீக்கரில் ஜெபா பேசிப் பதிவு செய்த குரல், காபி ஒன்று, இதோ வந்துட்டே இருக்கு. வசந்தாமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜீரோ நம்பர் மேஜை எந்த ஊர் ஹோட்டலில் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குப் பதில் காற்றுத்தான் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிக்கவில்லை, உறைத்துவிட்டது. ஜீரோ என்று நம்பர் போட்டது அவளேதான். நாலு மாதத்துக்கு முன்னால், சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் புரோகிராம் எழுதுகிற வேலை, டேப்லெட்டுக்கு நம்பர் என்ன போடுவது என்று அது கேட்டபோது, ஒன்று என்று போட்டால் ரெண்டு மூன்றெல்லாம் வரப்போகிறதா என்ன, அமுக்கப்போவதே ஒரு ஆள் என்று ஜீரோவைத் தட்டிவிட்டாள். அந்த டேப்லெட் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, கவுண்டம்பாளையத்தில், அவள் வீட்டு ஹாலில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைவேலுவின் மடியில் இருக்கிறது. குழந்தைவேலு அவள் புருஷன். அவருக்குக் காபி பிடிக்காது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளர் காபி குடித்தவரில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, எனக்கு டீ இருந்தாப் போதுமுங்க என்று சொல்லி அவளுடைய சித்தியிடம் கெட்ட பேர் வாங்கியவர்.

“அது ஒண்ணுமில்லைங்கம்மா, டெஸ்டுக்குப் போட்டது” என்றான் இர்பான், எதிரே இருந்த ஹோட்டல்காரம்மாவிடம். என்ன வழவழப்பு. இர்பான்தான் இந்தக் கம்பெனிக்கு முதலாளி. முதலாளி என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கணபதியில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடி, ஐந்து நாற்காலி, அதில் ஒன்றுக்குச் சக்கரம் குறைவு, அந்தச் சக்கரம் இல்லாத நாற்காலிதான் ஏழு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்த வசந்தாமணிக்குக் கிடைத்தது. கம்பெனிக்குப் பேர் கொக்கி. அடுத்தவர்களுடைய வலைப்பக்கத்தில் கொண்டுபோய் மாட்டுகிற சின்னச் சின்னச் சாமான்களை, இவர்கள் பாஷையில் விட்ஜெட், செய்வதுதான் தொழில். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பரீட்சைக்கு எத்தனை நாள் என்று ஓடுகிற கடிகாரம், ஜவுளிக்கடைப் பக்கத்தில் புடவைக்கு நிறம் மாற்றிப் பார்க்கிற பலகை, அந்த மாதிரி. விட்ஜெட் என்றால் தொட்டதும் ஏதாவது செய்ய வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டிருக்க அது என்ன காலண்டர் படமா என்பான் இர்பான். இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது விசாலாட்சியம்மா. பைபாஸில் ஆறு ஹோட்டல். மேஜைக்கு ஒரு டேப்லெட், டேப்லெட்டில் பன்னிரண்டு கட்டம், தொட்டால் அடுப்படித் திரையில் போய் விழும். இந்த ஆர்டர் வந்தால் கொக்கி நிற்கும். வராவிட்டால், கீழே பேட்டரிக்கடைக்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற குடோனாக இந்த மாடி ஆகிவிடும். அதனால்தான் இர்பான் அத்தனை வழவழப்பாகப் பேசுகிறான், பாவம், காலர் எல்லாம் வேர்வை. விசாலாட்சியம்மா கழுத்தைச் சாய்த்துத் திரையைப் பார்த்துவிட்டு, “டெஸ்டுன்னாலும் கேட்டவங்களுக்குக் குடுத்துருங்க தம்பி, மேல ஏறி நிக்குது பாருங்க” என்றாள். ஜெபா களுக்கென்று சிரித்தாள். சின்னப் பெண், படம் வரைகிறவள், இந்தக் கட்டங்களுக்கெல்லாம் நிறமும் உருவமும் குரலும் கொடுத்தவள். சிரிக்காதே அம்மணி, அது எங்க வீட்டு மனுசன் என்று வசந்தாமணிக்கு வாய் வரைக்கும் வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்றுவிட்டார், பாதி முகத்தில் நுரை. என்னுங்க என்று இவள் கேட்க, அவர் என்னவோ சொல்ல, அது சொல்லாக வரவில்லை. பக்கவாதம். கால் முக்கால்வாசி திரும்பி வந்தது, வலது கை பாதி வந்தது, பேச்சு மட்டும் வரவே இல்லை. எல்லாம் காதில் விழுகிறது, எல்லாம் புரிகிறது, டிவியில் சிரிக்க வேண்டிய இடத்தில் நமக்கு முந்திச் சிரிக்கிறார், வாயைத் திறந்தால் ‘த்தா’ என்று ஒன்றுதான். எழுத்தும் போய்விட்டது. பேப்பரை விரித்து வைத்தால் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ என்பது மாதிரி பார்க்கிறார். பம்ப் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் டெஸ்டிங் பெஞ்சில் நின்றவர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு பேரிங்கைக் கழற்று என்பார், கழற்றினால் அதில்தான் கோளாறு இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கேட்க வழியில்லையே என்று ரெண்டு மாதம் அழுதாள், மூன்றாவது மாதம் அழுகை போதும் என்று லேப்டாப்பைத் திறந்தாள். பன்னிரண்டு கட்டம். தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், ஃபேன், டிவி, முதுகு, வலிக்குது, பயமா இருக்கு, லூர்தம்மாவைக் கூப்பிடு, நீ வா, வேண்டாம். பன்னிரண்டாவதாக ஒன்று, வெட்கத்தைவிட்டு வைத்தது. ஒவ்வொன்றுக்கும் குரல் வேண்டும் அல்லவா, ஆம்பிளைக் குரலாக இருக்கட்டுமே என்று அவருடைய தம்பியைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். போட்டுக் காட்டினால் இடது கையால் வேண்டாம் வேண்டாம் என்கிறார். அப்புறம் யாரு பேசறது என்றதற்கு விரலை நீட்டி இவளைக் காட்டினார். சரியாப்போச்சு, என்ற குரல்லயே என்னைக் கூப்பிடுவீங்களா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானமே பன்னிரண்டையும் பேசினாள். தொட்டால் அங்கேயும் அந்தக் குரல், இவளுடைய போனிலும் அந்தக் குரல். இவள் போனில் ‘ஆச்சு’ என்று ஒன்றை அமுக்கினால் அவருடைய கட்டம் பச்சையாகும். பச்சை வரும் வரைக்கும் விடமாட்டார், பிடிவாதக்காரர், அமுக்கிக்கொண்டே இருப்பார். அதில் ஒன்றைக் கவனித்தாள். அவர் படத்தைப் பார்த்து அமுக்குவதில்லை, விரல் இடம் பார்த்துப் போகிறது. வீட்டு ஸ்விட்ச்போர்டில் எது ஃபேன், எது லைட் என்று யாராவது எழுதியா வைத்திருக்கிறார்கள், இருட்டில் கை தானாகப் போவதில்லையா, அந்த மாதிரி.

காபி ஒன்று, இதோ வந்துட்டே இருக்கு.

இரண்டாவது தடவை. இப்போது அங்கே ஹாலில் இந்த ஜெபாவின் குரல்தான் கேட்டிருக்கும். வெள்ளைக்காரன் கடையில் வரவேற்கிற மாதிரி குழைந்து பேசியிருக்கிறாள். பாவம் மனுசன், பெண்டாட்டி குரல் வர வேண்டிய பெட்டியில் யாரோ ஒரு பெண் காபி வருகிறது என்கிறாள், திரும்பிச் சமையல்கட்டைப் பார்த்திருப்பார். எப்படி ஆச்சு இது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, திங்கட்கிழமையே ஆச்சு. ஹோட்டலுக்குப் பன்னிரண்டு கட்டம் என்று இர்பான் சொன்னதும், என்கிட்ட ஒண்ணு ரெடியா இருக்குங்க தம்பி, அதையே வெச்சுக்கலாம் என்று பெருமையாகத் தூக்கிக் கொடுத்தாளே, அப்போது வந்த வினை. இவர்கள் செய்கிற எந்தச் சாமானையும் அடுத்த ஆளுக்குக் கொடுக்க ரெண்டு வழி. ஒன்று நகல், இன்னொன்று பகிர்வு. நகல் என்றால் மகன் தனிக்குடித்தனம் போன மாதிரி, அவன் வீட்டில் என்ன மாற்றினாலும் நமக்குத் தெரியாது. பகிர்வு என்றால் கூட்டுக்குடும்பம், ஒரே அடுப்பு, ஒருத்தர் உப்பைக் கூடப் போட்டால் எல்லார் இலையிலும் கரிக்கும். கொக்கியில் நகல் எடுப்பது கிட்டத்தட்டப் பாவம். நூறு பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிற கடிகாரத்தில் ஒரு தப்பு என்றால் ஒரு இடத்தில் திருத்தினால் நூறு இடத்திலும் திருந்த வேண்டும், அதுதான் நம்ம பலம் என்று புதிதாகச் சேர்கிற ஆளுக்கு முதல் நாளே இர்பான் பாடம் நடத்திவிடுவான். அவளுக்கு நடத்தவில்லை. அவள்தான் கொக்கியில் சேர்ந்த முதல் ஆள், அந்தப் பாடத்தை இர்பானோடு சேர்ந்து எழுதியவளே அவள்தான். ஆறு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்ப் பகிர்வை அமுக்கிவிட்டது. ஜெபா மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்று நாளாகத் தனியாக வரைந்து வைத்திருந்ததை இன்றைக்கு மூன்று மணிக்கு ஏற்றினாள், அவள் ஏற்றிய நிமிஷம் கவுண்டம்பாளையத்தில் தண்ணி போய் இட்லி வந்துவிட்டது. மூன்று மணி. அதே மூன்று மணிக்குத்தான் லூர்தம்மா பேரனைப் பள்ளிக்கூட வேனிலிருந்து கூட்டிவரக் கிளம்பியிருப்பாள்.

பக்கத்து வீட்டு லூர்தம்மா காலை ஒன்பதிலிருந்து அவரோடு இருப்பாள் என்று ஏற்பாடு. மூன்றிலிருந்து நாலு வரைக்கும் ஒரு மணி நேரம் மட்டும் அவர் தனியாக. அந்த ஒரு மணி நேரத்துக்காக வசந்தாமணி ஒரு வாரம் தூங்கவில்லை. போக வேண்டாம் என்று நேற்றுக்கூடச் சொல்லிப் பார்த்தாள், அவர் இடது கையால் கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டினார், போ போ, டேப்லெட்டைத் தட்டிக் காட்டினார், இது இருக்குதல்ல என்கிற மாதிரி. இது இருக்குதுங்க, இது இருக்கிற லட்சணத்தைப் பாருங்க. மீட்டிங்குக்காகச் சத்தத்தை அடக்கியிருந்த போனை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு லூர்தம்மாவின் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அது அவள் சமையல்கட்டில் மிக்சி பக்கத்தில் கிடக்கும், அவள் என்றைக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். வீட்டுப் போனுக்குப் போடலாம், போட்டால் அவர் எடுக்கமாட்டார். போன் மணி அடித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், போன் என்றால் பேச வேண்டுமே. இதைவிட வேடிக்கை உண்டா, ஒரு காலத்தில் தினம் ஒன்றரை மணிக்குப் போன் போட்டவர் அவர். பம்ப் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் ஒன்று பத்து. சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பின்னால் லேத்து கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில், பத்து விநாடி. மழையோ வெயிலோ, சண்டை போட்ட நாளானாலும் சரி. சண்டை போட்ட நாளில் குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். அவள் முக்கால்வாசி நாள் பொய்தான் சொன்னாள். ஆச்சுங்க என்பாள், டப்பா பையிலேயே இருக்கும், வேலை தலைக்கு மேல் கிடக்கும். அவருக்குத் தெரியும். சாயங்காலம் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேய்க்கப் போடுவார். இன்றைக்கு ஒன்றரை மணிக்குப் போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று அவளுக்கே தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி ஒன்று. அது முடிவதற்குள் இன்னொரு காபி ஒன்று. “என்னப்பா ஜீரோக்காரர் விடமாட்டேங்கறாரு” என்றாள் விசாலாட்சியம்மா. அவளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. இர்பான் வசந்தாமணியைப் பார்த்தான், ஏதாவது செய்யுங்க மணியக்கா என்கிற பார்வை. ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அவள் லேப்டாப் வேண்டும். அவள் லேப்டாப்தான் சுவர்த்திரைக்கு ஒயர் போட்டு இர்பான் கையில் இருக்கிறது. அதில் பழைய நிலைக்கு என்று ஒன்றைத் தட்டினால் போதும், ஜெபா ஏற்றுவதற்கு முந்தி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும், கவுண்டம்பாளையத்தில் திரும்பும், இங்கேயும் திரும்பும். இந்தப் பத்து டேப்லெட்டிலும் இட்லியும் பூரியும் போய் பாத்ரூமும் முதுகும் வந்து உட்காரும், ஆறு ஹோட்டல்காரம்மா கையில். ரெண்டையும் பிரித்து நகல் எடுக்கலாம், ஆனால் அதற்கு வீட்டு டேப்லெட்டில் யாராவது கை வைத்து மறுபடி இணைக்க வேண்டும், வீட்டில் கை ஏது. இன்னும் இருபது நிமிஷம், இந்தம்மா கிளம்பிப் போய்விட்டால் ஒரு தட்டில் முடிந்துவிடும். இருபது நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்று அந்தச் செவ்வாய்க்கிழமைகூடத்தான் நினைத்தாள், ஏதோ பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டு கால்மணி நேரம் வீணாக்கினாளே. அப்புறம் டாக்டர், கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா என்று ஆரம்பித்துவிட்டு, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காபி எந்தக் கட்டம். அதுமட்டும் தெரிந்தால் போதும். அவர் விரல் காபிக்குப் போகவில்லை, பழைய இடத்துக்குத்தான் போகிறது, அந்தப் பழைய இடத்தில் முந்தி என்ன இருந்தது. திரையில் பேர்தான் விழுகிறது, இடம் விழுவதில்லை. ஜெபா வரிசையைத் தன் இஷ்டத்துக்கு, நிறம் பார்த்து மாற்றி வைத்திருக்கிறாள். விசாலாட்சியம்மாவின் கையில் இருக்கிற டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள், கீழே எங்கேயோ பழுப்பாக ஒன்று, அந்தம்மாவின் வளையல் கை அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. கையை எடும்மா தாயே. கீழே என்றால் வலிக்குதா, அது மூன்றாவது வரிசை, மூன்றாவதும் கீழேதான். பயமா இருக்கு அதுக்குப் பக்கத்தில். அந்தக் கட்டத்தை வைக்கவே அவளுக்கு மனசில்லை, ஆம்பிளை அதையெல்லாம் அமுக்குவாரா என்று நினைத்தாள், ஆனால் போன மாதம் இடி இடித்த சாயங்காலம் அமுக்கினார், இவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நீ வா கடைசி வரிசை. வேண்டாம் கடைசி வரிசை. பன்னிரண்டாவதும் கடைசி வரிசைதான், ஆனால் அது இருக்காது, அதை அவர் நாலு மாதத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. மனுசனுக்கு மறந்துபோச்சு போல என்று, அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு ஜன்னல் என்று போட்டுவிடலாம், திறக்க மூட உதவும் என்று நினைத்து வைத்திருந்தாள்.

காபி ஒன்று.

ஐந்து. விழுந்துவிட்டாரா, கீழே கிடந்துகொண்டு கைக்கு எட்டியதை அமுக்குகிறாரா. நெஞ்சு வலியா. இல்லை, சும்மா முதுகு அரிக்கிறதா, அரித்தால் இத்தனை தடவை அமுக்குவாரா, அமுக்குவாரே, அமுக்கக்கூடிய ஆள்தான். இர்பானைப் பார்த்தாள். ஏழு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்க மணியக்கா, வேலை ஆனா ஆகுது ஆகாட்டிப் போகுது, முதல்ல அண்ணனைப் பாருங்க என்று சொன்ன பிள்ளை. ஆஸ்பத்திரியில் வந்து வராந்தாவில் ரெண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தான், போகச் சொன்னால் போகவில்லை, நர்சுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு இந்த ஒரு மத்தியானத்தைக் கெடுப்பதா. தம்பி மாதிரி என்று வாயில் சொல்வது சுலபம். இன்னும் இருபது நிமிஷம், பதினெட்டாகக்கூட இருக்கும். இப்போது அவன் விசாலாட்சியம்மாவிடம், “எங்க பலமே அதுதானுங்கம்மா, ஒரு இடத்துல மாத்தினா ஆறு ஹோட்டல்லயும் மாறிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆமா, ஏழாவதா ஒரு வீட்டிலயும் மாறும் என்று வசந்தாமணி நினைத்தாள், நினைத்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். சக்கரம் இல்லாத நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு பின்னால் போயிற்று. எழுந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததாக அவளுக்கு நினைவில்லை.

“இர்பான், சித்த நிறுத்துங்க. அந்த ஜீரோ டெஸ்ட் இல்லைங்க. அது என்ற வீட்டுக்காரரு.” அவள் விசாலாட்சியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “அவரு காபி கேக்கலைங்கம்மா. அவரு காபியே குடிக்கமாட்டாரு. பேச்சு வராதுங்க அவருக்கு. இந்தப் பலகையிலதான் பேசுவாரு. நான் பண்ணுன தப்புல அவரு பலகை ஹோட்டல் பலகை ஆயிருச்சு. என்னமோ கேட்டுட்டே இருக்காரு, என்னன்னு எனக்குத் தெரியலைங்க. வீட்டுல வேற ஆளில்லை.” குரல் கடைசியில் உடைந்தது, அது வேறு வெட்கமாக இருந்தது. அடுத்து நடந்ததற்காக இர்பானை அவள் சாகும் வரைக்கும் மறக்கமாட்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, விசாலாட்சியம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, லேப்டாப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். “மாத்துங்க மணியக்கா.” தட்டினாள். மேஜைமேல் இருந்த பத்து டேப்லெட்டும் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டின, இட்லி போயிற்று, பூரி போயிற்று, ஜெபாவின் மூன்று நாள் வேலை போயிற்று, வசந்தாமணி கோணல்மாணலாக வரைந்த தண்ணிக் குடமும் ஃபேனும் வந்தன. விசாலாட்சியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். “பாத்ரூம். முதுகு.” விரலை வைத்தாள் போலிருக்கிறது, வசந்தாமணியின் குரல் அறைக்குள் கணீரென்று, முதுகு சொறிஞ்சு விடு, இன்னுங் கொஞ்சம் கீழே என்றது. யாரும் சிரிக்கவில்லை. ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். டேபிள் ஜீரோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்து தடவை அமுக்கியவர் இப்போது ஏன் அமுக்கவில்லை. அமுக்குங்க. என்னுங்க, அமுக்குங்க. கீழே பேட்டரிக் கடையில் யாரோ இரும்பை இழுத்துப் போட்டார்கள். கட்டம் மாறியது தெரிந்ததா, பயந்துபோய்த் தூக்கிப் போட்டுவிட்டாரா, இல்லை கையே தூக்க முடியாமல். செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும், ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம், சிக்னல் விழுந்தால் அரை மணி. பையை எடுக்கக் குனிந்தாள். குனிந்த இடத்தில், முதலில் ஸ்பீக்கரில் கேட்டது ஒரு குக்கர் விசில். அன்றைக்குப் பதிவு செய்யும்போது குறுக்கே வந்த விசில்தான், திரும்பப் பேச வெட்கமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். விசிலுக்குப் பின்னால் அவளுடைய குரல், அவளுடையதாக இருந்தாலும் கொஞ்சம் தடித்து, அவரை மாதிரி பேசப் பார்த்து, பாதியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது.

“சாப்ட்டியா அம்மணி?”

பன்னிரண்டாவது கட்டம். நாலு மாதம் தொடவில்லையே என்றால், எதற்குத் தொடுவார், நாலு மாதமும் இவள் எதிரிலேயே உட்கார்ந்துதானே தின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குத்தானே ஆபீசுக்கு வந்திருக்கிறாள். ஒன்றரை மணிக்கே கேட்டிருப்பார், லூர்தம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கேட்பார், அவருக்கு அந்த வெட்கம் உண்டு, கம்பெனியில்கூட ஆள் இல்லாத மூலையாகப் பார்த்துத்தான் போன் போடுவார். லூர்தம்மா எப்போது கிளம்புவாள் என்று ஒன்றரை மணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனதும் அமுக்கியிருக்கிறார். அமுக்கினால் யாரோ ஒரு பெண் காபி வருகிறது என்கிறாள். அதற்கும் அசராமல், அம்மா தாயே உன்னை யார் கேட்டது, என்ற பொண்டாட்டி சாப்பிட்டாளா சொல்லு என்று ஐந்து தடவை. வசந்தாமணி சக்கரமில்லாத நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “யாரைக் கேக்கறாரு?” என்றாள் விசாலாட்சியம்மா, மெதுவாக. “என்னைத்தானுங்க.” “சாப்ட்டியா?” என்றாள் அந்தம்மாவும். வசந்தாமணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. மறுபடியும் குக்கர் விசில், மறுபடியும் சாப்ட்டியா அம்மணி. “பதில் சொல்லு, மனுசன் காத்துட்டிருக்காரு” என்று சொல்லிவிட்டு விசாலாட்சியம்மா இர்பான் பக்கம் திரும்பினாள். “தம்பி, திங்கக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அந்த வீட்டையும் என்ற கடையையும் பிரிச்சு வெச்சிருங்க. அவரு பலகையில இனி யாரும் கை வெக்கப்படாது.” இர்பான் சரிங்கம்மா என்றான், என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்ன மாதிரி இல்லை.

போனில் ‘ஆச்சு’ இருந்தது. கட்டை விரல் தானாக அதன்மேல் போய் நின்றது, பழைய பழக்கம், ஆச்சுங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது. விரலை எடுத்தாள். பையைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தாள். அரிசிம்பருப்பு சாதம், ஆறிக் கட்டியாகியிருந்தது, ஓரத்தில் ரெண்டு அப்பளத் துண்டு நமுத்துக் கிடந்தது. காலையில் அவருக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தது. ஸ்பூன் கொண்டுவர மறந்திருந்தாள். அத்தனை பேர் முன்னாலும் கையால் எடுத்து ஒரு வாய் வைத்தாள், ஜெபா தண்ணி பாட்டிலை நகர்த்தி வைத்தாள். இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குப் பருப்பு வாசனை தெரிந்தது. குக்கர் விசில் மறுபடி வந்தது, இருங்க வர்றேன் என்று வாயில் சோற்றோடு திரையைப் பார்த்துச் சொன்னாள். டப்பாவை வழித்து முடித்து, இடது கையால் போனை எடுத்து, ஆச்சு என்பதை அமுக்கினாள். திரையில் அந்த வரி பச்சையாயிற்று. அதற்கப்புறம் டேபிள் ஜீரோவிலிருந்து ஒன்றும் வரவில்லை.